லாபம் 19.5, பள்ளம் 39.5: ஒரு டி-ஷர்ட் அச்சகத்தின் முதல் 14 மாதங்கள்

கடை திறந்து ஒன்பதாவது மாதம் பிறந்திருந்தது. நான்காம் தேதி இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு கறுப்பு டி-ஷர்ட். நோட்டில் லாபம் மாதத்துக்கு மாதம் ஏறியிருந்தது. டி-ஷர்ட்டில் நெஞ்சுப் பக்கம் இருந்த வெள்ளை எழுத்து பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது.

"அண்ணா, நோட்டுப்படி பாத்தா நாங்க நல்லா சம்பாதிக்கிறோம். ஆனா வேலை செய்யற பையனுக்குப் போன மாசச் சம்பளம் இன்னும் குடுக்கல. எங்க ஓட்டைன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த மாதிரி வந்து நிற்பவர்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் இத்தனை ஒழுங்காகத் தேதி போட்டு எழுதிய நோட்டோடு வந்தவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுத முடிகிறது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். தொழிலில் இறங்கிய மொத்தப் பணத்தை 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அந்த அளவுக்குச் சுருக்கிவிட்டேன். ஒருவர் மிஷினில் நிற்பவர், வயது 24. அவரை அச்சுக்காரர் என்கிறேன். மற்றவர் வெளியே போய் வேலை பிடிப்பவர், வயது 23. அவர் ஆர்டர்காரர்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி அங்கே புதிதாகத் தொடங்கும் தொழில்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மூடப்படுகிறது. ஐந்து வருடத்துக்குள் பாதி போய்விடுகிறது. இதைச் சொல்லி இளைஞர்களைப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த எண்ணிக்கையில் எத்தனை பேர் நஷ்டத்தில் மூடினார்கள், எத்தனை பேர் லாபத்தில் இருக்கும்போதே மூச்சு முட்டி மூடினார்கள் என்பதுதான் தெரிய வேண்டியது. இந்த இருவரும் இரண்டாவது வகைக்கு 11 நாள் தூரத்தில் நின்றார்கள்.

முதல் 100

ஆளுக்கு 30 போட்டார்கள். மீதி 40 அச்சுக்காரரின் அக்கா கொடுத்தது. கடன்தான், ஆனால் எப்போது திருப்புவது என்று யாரும் பேசவில்லை. வட்டி கேட்காத கடனுக்குத் தேதியும் வேண்டாம் என்று நினைப்பது வழக்கம். தேதி இல்லாத கடன்தான் வீட்டில் முதலில் சண்டையாக வரும் என்பது என் அனுபவம்.

நான்கு நிறம் அடிக்கிற பிரஸ், ஃப்ரேம்கள், ஸ்கிரீன் எக்ஸ்போஸ் செய்யும் பெட்டி, மை காய வைக்கும் பெல்ட் ட்ரையர் எல்லாம் சேர்த்து 55. இடத்துக்கு டெபாசிட் 15. ஆக, முதல் டி-ஷர்ட் அடிப்பதற்கு முன்பே 70 போய்விட்டது. சரக்கு வாங்கவும் வாடகை கட்டவும் கையில் நின்றது 30.

இங்கேயே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முதல் மூன்று மாதம் அந்தப் பிரஸ் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடியது. ஆர்டர்காரர் அந்தக் காலத்தில் வேலையை மட்டும் பிடித்து, வேறொரு அச்சகத்தில் கூலிக்கு அடித்து வாங்கியிருக்கலாம். ஒரு டி-ஷர்ட்டுக்குக் கிடைக்கும் பணம் குறைந்திருக்கும், உண்மைதான். ஆனால் எந்த மாதிரி வேலை வருகிறது, நான்கு நிறப் பிரஸ் உண்மையில் தேவையா, யார் சொன்ன தேதியில் பணம் தருகிறார்கள் என்பதெல்லாம் 55ஐ இறக்குவதற்கு முன்பே தெரிந்திருக்கும். இதைச் சொன்னபோது அச்சுக்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார். சொந்த மிஷின் வேண்டும் என்பதற்காகத்தான் அவர் வேலையையே விட்டிருக்கிறார். அதையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

விலை வைத்த விதம்

மற்றவர்கள் என்ன விலைக்குச் செய்கிறார்கள் என்று விசாரித்து, அதைவிட ஒரு பிடி குறைத்து வைத்தார்கள். அநேகமாக எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் மூவரும் உட்கார்ந்து பில்களைப் பிரித்தபோது வந்த கணக்கு இது. விற்கும் விலையில் 55 சதவீதம் பிளெயின் டி-ஷர்ட்டுக்கு. மை, பை, வண்டிச் செலவு, கழிவு எல்லாம் சேர்ந்து 10. கையில் நிற்பது 35. வாடகை, மின்சாரம், ஒரு பையனின் சம்பளம் என்று விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 6 போகிறது. 6ஐ 0.35ஆல் வகுத்தால் 17 சொச்சம். மாதம் 17க்கு மேல் விற்றால்தான் கைநட்டம் நிற்கும்.

இந்த 17 என்ற எண் அவர்களுக்கு ஒன்பதாவது மாதம்தான் தெரிந்தது. கடை திறப்பதற்கு முந்தின நாள் தெரிந்திருந்தால், டெபாசிட் 15 கேட்ட அந்த இடத்தை எடுத்திருக்க மாட்டோம் என்றார் ஆர்டர்காரர்.

இன்னொன்றும் அந்தக் கணக்கில் விட்டுப்போயிருந்தது. இருவரும் தங்களுக்குச் சம்பளமே எழுதவில்லை. "நம்ம கடைதானே அண்ணா." கடை உங்களுடையதுதான். ஆனால் அதே வேலையை வெளி ஆளை வைத்துச் செய்தால் என்ன கொடுப்பீர்களோ, அதை எழுதாமல் வருகிற லாபத்தில் பாதி உங்கள் சாப்பாட்டுக் காசு. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு கடை நடத்தும் வயதில் இது கண்ணில் படாது.

நேரக் கணக்கு அதைவிட மோசம். ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக மையைத் தள்ளி அடிப்பது. அந்த வலைதான் ஸ்கிரீன், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூச வேண்டும், இருட்டில் காய வைக்க வேண்டும், வெளிச்சம் காட்ட வேண்டும், கழுவ வேண்டும். பிறகு பிரஸ்ஸில் ஏற்றி ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று விலகாமல் உட்காரும்வரை தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் மையை வழித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அச்சுக்காரர் கைக்கு ஒரு நிறத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. நான்கு நிறம் என்றால் ஐந்து மணி நேரம். அதற்குப் பிறகு 25 டி-ஷர்ட் அடிக்க முக்கால் மணி நேரம் போதும். நோட்டில் இப்படி 25 உருப்படி, நான்கு நிற வேலைகள் ஒன்பது இருந்தன. ஒரே நிறத்தில் 200 அடித்த வேலைக்கும் இதற்கும் ஒரு டி-ஷர்ட்டுக்கு ஒரே விலை.

"நண்பர்கள் கேட்டாங்க" என்றார் ஆர்டர்காரர். ஒன்பதில் ஆறு நண்பர்களுடையது.

ஐந்து மாதம்

முதல் மூன்று மாத விற்பனை 5, 8, 12. நான்காவது மாதம் 18, ஐந்தாவது மாதம் 20. முதல் மூன்று மாதத்தில் 9 சொச்சம் கையை விட்டுப் போனது. பிறகு நின்றது. எல்லாமே சின்ன வாடிக்கையாளர்கள், பாதி அட்வான்ஸ், மீதி சரக்கு எடுக்கும்போது. ஐந்தாவது மாத முடிவில் கையில் 22 இருந்தது. இந்தக் கட்டத்தில் என்னைக் கேட்டிருந்தால் நல்ல கடை என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லப்போனால், பதினாலு மாதக் கதையில் மிகச் சரியாக நடந்த பகுதி இதுதான். அதனாலேயே இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

பெரிய ஆர்டர்

ஆறாவது மாதம் நிகழ்ச்சிகள் நடத்தும் ஒரு நிறுவனம் வந்தது. மேடையிலும் வாசலிலும் நிற்கும் ஆட்களுக்குக் கறுப்பு டி-ஷர்ட், வெள்ளை எழுத்து. மாதம் ஒரு லாட். முதலில் மூன்று மாதம், பிடித்திருந்தால் தொடரும். கடையின் அன்றைய விலைப்படி ஒரு லாட் 30. அதுவரை ஒரு மாதம் முழுக்க ஓடி விற்றது 20.

நிறுவனம் இரண்டு கேட்டது. 10 சதவீதம் தள்ளுபடி, பில்லுக்கு 60 நாள் கடன். ஆர்டர்காரர் இரண்டுக்கும் அங்கேயே தலையாட்டிவிட்டார். சாம்பிள் பிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்ததாகச் சொன்னார்.

பத்து சதவீதத்தைப் பார்ப்போம். விலையில் 10 போனால் கையில் நிற்கும் 35, 25 ஆகிவிடுகிறது. கையில் நிற்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போச்சு. அதே பணம் வேண்டுமென்றால் 40 சதவீதம் கூடுதலாக அடிக்க வேண்டும். தள்ளுபடி கேட்பவர் மொத்த விலையில் கேட்கிறார். கொடுப்பவர் தன் பங்கிலிருந்து கொடுக்கிறார், டி-ஷர்ட் விற்றவரோ மை விற்றவரோ அதில் காலணா பகிர்ந்துகொள்வதில்லை.

ஆனாலும் தள்ளுபடியால் கடை சாயவில்லை. லாட்டுக்கு 27 வரவு, 19.5 செலவு, 7.5 நின்றது. சின்ன வேலைகளில் 7. மொத்தம் 14.5. உதவிக்கு இன்னொரு ஆள் வைத்ததால் மாதச் செலவு 8 ஆனது. மாத லாபம் 6.5. மூன்று மாதத்துக்கு 19.5. நோட்டில் இருந்த லாபம் இதுதான், கூட்டல் கழித்தல் எல்லாம் சரி.

இப்போது அதே மூன்று மாதத்தைப் பணப்பெட்டியிலிருந்து பாருங்கள். சின்ன வேலைகளிலிருந்து மாதம் 20 உள்ளே வருகிறது. அவற்றுக்கான சரக்குக்கு 13, பெரிய லாட்டுக்கு 19.5, கடைச் செலவு 8, ஆக 40.5 வெளியே போகிறது. பெரிய இடத்திலிருந்து இன்னும் ஒரு காசு வரவில்லை. மாதம் 20.5 குறைகிறது. ஆறாவது மாத முடிவில் 22 கரைந்து 1.5 ஆனது. ஏழாவது மாத முடிவில் 19 பள்ளம். எட்டாவது மாதக் கடைசியில், முதல் செக் வர வேண்டிய தேதியில், பள்ளம் 39.5.

லாபம் 19.5 இருக்கும் நோட்டுக்கும் 39.5 குறையும் பெட்டிக்கும் நடுவில் இருப்பது 60 நாள் மட்டும்தான். ஆர்டர் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் லாபமும் கூடியிருக்கும், பள்ளமும் கூடியிருக்கும், பள்ளம் முதலில் வந்திருக்கும்.

பெரிய ஆர்டரே ஆபத்து என்று இதைப் படித்துவிடக் கூடாது. 1976இல் ஆப்பிள் கம்ப்யூட்டர் தொடங்கியபோது அதுவும் இப்படி ஒரு குட்டிக் கூட்டுத் தொழில்தான். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 21 வயது, ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கு 25. பைட் ஷாப் என்ற கம்ப்யூட்டர் கடை 50 சர்க்யூட் போர்டுகளுக்கு, ஒன்று 500 டாலர் வீதம், ஆர்டர் கொடுத்தது. அவர்களிடம் இருந்த பணத்துக்கு அது எட்டவே எட்டாத தொகை. அவர்களைக் காப்பாற்றியது கடன் ஓடிய திசை. கடைக்காரர் சரக்கு கைக்கு வந்ததும் பணம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதை வைத்து உதிரி பாகங்களை 30 நாள் கடனில் வாங்கினார்கள். 30 நாளுக்குள் கோத்துக் கொடுத்துப் பணம் வாங்கி, பாகம் கொடுத்தவருக்குக் கட்டிவிட்டார்கள். கைமுதல் இல்லாமலேயே சக்கரம் சுற்றியது. நம் தம்பிகளுக்கு நேர்ந்தது அப்படியே தலைகீழ். டி-ஷர்ட் கொடுப்பவருக்கு ரொக்கம், வாங்குபவருக்கு 60 நாள். தங்களைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனத்துக்கு இவர்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளத்தை எதைப் போட்டு மூடினார்கள்

39.5ஐ எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அச்சுக்காரர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பிளெயின் டி-ஷர்ட் கொடுப்பவரிடம் கெஞ்சி வாங்கிய கடன் 13. அக்காவிடம் மறுபடியும் 10. வட்டிக்கு விடுபவரிடம் 7.5. சின்ன வாடிக்கையாளர்கள் அடுத்த மாத வேலைக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸ் 6. கட்டாத இரண்டு மாத வாடகை 3.

என்னை உறுத்தியது அந்த 6தான். மற்ற நான்கும் கடன், கொடுத்தவர்களுக்குத் தெரியும். அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குத் தங்கள் பணம் வேறொருவருடைய டி-ஷர்ட்டாகிவிட்டது என்று தெரியாது. ஐந்து மாதமாகக் கடையைத் தாங்கியவர்கள் அவர்கள்.

செக் குறித்த தேதியில் வரவில்லை. மூன்று நாள் பொறுத்து ஆர்டர்காரர் போன் செய்தார். பில்லில் ஆர்டர் நம்பர் இல்லை, அதனால் பதிவாகவே இல்லை என்றார்கள் கணக்குப் பிரிவில். பில் திரும்பி வந்து, நம்பர் எழுதி, மறுபடி போய், அவர்கள் பணம் விடும் தேதிவரை காத்திருந்ததில் 11 நாள் போனது. என்னிடம் வந்தது அந்த 11 நாளில்தான்.

எழுதப் பழகிய கைக்கு ஆர்டர் நம்பர் என்பது ஒரு வரி. பெரிய நிறுவனங்களில் அந்த வரி இல்லாத பில் காகிதம். வேலையை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை மூன்று. 60 நாள் எந்தத் தேதியிலிருந்து, சரக்குப் போன நாளா, பில் தேதியா, பதிவான தேதியா? பணம் விடுவது எந்தக் கிழமை? பில்லில் என்ன இல்லாவிட்டால் திருப்புவீர்கள்? வேலை கொடுத்தவரிடம் கேட்டுப் பயனில்லை, கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்க வேண்டும். சட்டம் இருக்கிறதே என்பார்கள். இந்தியாவில் சிறு தொழிலுக்கு 45 நாளைத் தாண்டக் கூடாது என்று 2006 முதல் சட்டம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுவனங்களுக்கிடையே பொதுவாக 60 நாள் என்று 2011 முதல் விதி உண்டு. இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் மீது 23 வயதில் யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்?

உரிந்த எழுத்து

மூன்றாவது லாட்டை இரண்டு இரவில் அடித்தார்கள். பகலில் சின்ன வேலைகள், வாடகை கேட்டு இடத்துக்காரரின் போன், வட்டிக்காரரின் ஆள். டெலிவரி தள்ளிப்போனால் பில் தள்ளிப்போகும், பில் தள்ளினால் செக் தள்ளும். எனவே ட்ரையரின் பெல்ட் வேகத்தைக் கூட்டினார்கள்.

அவர்கள் பயன்படுத்துவது பிளாஸ்டிசால் மை. இது தண்ணீர் மை மாதிரி காற்றில் காயாது. டப்பாவைத் திறந்து நாள் கணக்கில் வைத்தாலும் அப்படியே இருக்கும். மை முழுக்க, மேலிருந்து அடிவரை, ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸுக்குப் போனால்தான் இறுகும். அதற்குக் கீழே சூடானாலும் மேல் பக்கம் தொட்டால் ஒட்டாது, காய்ந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து பளிச்சென்று நிற்க மையைக் கனமாக, இரண்டு தரம் இழுக்க வேண்டும். கனமான மைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். பருத்தித் துணியில் ஈரம் இருந்தால் சூட்டின் ஒரு பங்கை அது குடித்துவிடும். அன்றைக்கு இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. சூடு பார்க்கும் துப்பாக்கி 160 காட்டியது, ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். அடியில் மை பச்சையாக இருந்தது. முதல் துவைப்பிலேயே எழுத்து கையோடு வந்துவிட்டது.

அச்சுக்காரருக்கு இதெல்லாம் எனக்குச் சொல்லித்தரும் அளவுக்குத் தெரியும். லாட்டுக்கு ஒன்றை எடுத்துத் துவைத்துப் பார்ப்பது அவருடைய பழக்கம். அந்த இரண்டு இரவும் அதைச் செய்யவில்லை. கைத்தொழில் தெரிந்தவன் தெரிந்தே தப்புச் செய்வது பணம் நெருக்கும்போதுதான். எனவே நான் இதைத் தரக் கோளாறு என்று தனித் தலைப்பில் எழுத மாட்டேன். 60 நாளுக்குத் தலையாட்டிய அதே நிமிடத்தின் பில் இது. லாட்டில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. செலவு 6.5.

என்ன செய்தோம்

முதலில் நிறுவனத்துக்கு நேரில் போனோம். மழுப்ப வேண்டாம் என்று முன்பே பேசிவைத்திருந்தோம். பெல்ட் வேகம் கூடிவிட்டது, எங்கள் தப்பு, மூன்று வாரத்தில் எங்கள் செலவில் திரும்ப அடித்துத் தருகிறோம், இரண்டாவது லாட்டின் பில்லையும் மூன்றாவதில் நன்றாக இருக்கும் பங்கையும் நிறுத்த வேண்டாம் என்றார் அச்சுக்காரர். அதிகாரி டி-ஷர்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, சரி என்றார். வேறு இடத்தில் உடனே அடித்து வாங்க அவருக்கும் நேரமில்லை போல.

அடுத்து ஆர்டர்காரர் 40 சதவீதம் அட்வான்ஸ் கேட்டார். முடியாது என்று ஒரே சொல்லில் வந்தது, அவர்கள் வழக்கத்தில் கிடையாதாம். அதற்காகவே வேறொன்றைக் கையில் வைத்திருந்தோம். டி-ஷர்ட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள், அச்சுக் கூலி மட்டும் எங்களுக்கு. கூலிக்கு வேண்டுமானால் அதே 60 நாள். அவர் யோசித்தார். மொத்தமாக வாங்கினால் தங்களுக்கு இன்னும் சகாயமாகக் கிடைக்கும் என்றார். ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஆர்டர்காரர் வண்டியை எடுக்காமல் நின்றார். "27 பில்லு இப்ப 10.5 ஆயிடுச்சே அண்ணா."

படிக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதிக் காட்டினேன். பழைய முறையில் 27 வரவு, 19.5 செலவு, மீதி 7.5. டி-ஷர்ட்டின் விலையான 16.5ஐ இரண்டு பக்கத்திலும் எடுத்துவிட்டால் 10.5 வரவு, மைக்கும் மற்றதுக்கும் 3 செலவு, மீதி அதே 7.5. மாறியது ஒன்றே ஒன்று. முன்பு ஒவ்வொரு லாட்டுக்கும் 19.5ஐப் போட்டுவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தார்கள். இனி போடுவது 3. விற்பனை எவ்வளவு என்று நண்பர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளத்தான் எண் சின்னது.

பாழாகும் டி-ஷர்ட்டுக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கினோம். நூற்றுக்கு இரண்டு வரை அவர்கள் கணக்கு, அதற்கு மேல் அச்சகத்தின் கணக்கு.

கடன்களில் யாருக்கு முதலில் என்பதில் கொஞ்சம் வாக்குவாதம். வட்டி ஏறுகிறது, வட்டிக்காரரை முடிப்போம் என்றார் ஆர்டர்காரர். நான் டி-ஷர்ட் கொடுப்பவரை முன்னால் வைத்தேன். அவர் நிறுத்தினால் சின்ன வேலைகளும் நின்றுவிடும். முதல் செக் வந்த அன்றே அவரிடம் நேரில் போய்ப் பாதி கொடுத்து, மீதிக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள். வட்டிக்காரர் இரண்டாவது. 50 டி-ஷர்ட்டுக்குக் கீழே உள்ள வேலைகளுக்கு இரண்டு நிறத்துக்கு மேல் இல்லை என்று ஒரு தாள் எழுதி ஒட்டினார்கள். இரண்டு நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள். பத்தாவது மாதம் ஐந்து ஓட்டையும் அடைபட்டன, அக்காவின் பழைய 40 மட்டும் நின்றது. அந்த மாதம்தான் இருவரும் முதன்முதலாக ஆளுக்கு 2 சம்பளம் எடுத்தார்கள்.

பிரிவு

பன்னிரண்டாவது மாதம் ஆர்டர்காரர் விலகினார். சண்டை இல்லை. வேறு இடத்தில் வேலை கிடைத்தது, வீட்டிலும் நெருக்கினார்கள். ஆனால் கூட்டுக்கு எழுத்து என்று ஒரு வரி கிடையாது. ஒருவர் போனால் எப்படிப் பிரிப்பது என்று சேரும் நாளில் பேசுவது அபசகுனம் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆப்பிளின் கூட்டு ஒப்பந்தத்தில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். ரான் வெய்ன், 10 சதவீதப் பங்கு. 1976 ஏப்ரல் 1இல் கையெழுத்துப் போட்டவர் 12 நாளில் விலகி, தன் பங்குக்கு 800 டாலர் வாங்கிக்கொண்டார். பின்னாளில் அந்தப் பங்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு அவரைப் பரிதாபமாகப் பார்ப்பது பலருக்கும் பொழுதுபோக்கு. அன்றைக்கு அவர் பார்த்தது வேறு. கூட்டுத் தொழிலில் கடை பட்ட கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் சொந்தச் சொத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். பாகங்கள் கடனில் வாங்கியவை. மூவரில் கடன்காரர்கள் வந்தால் எடுத்துப் போக ஏதாவது வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நானாக இருந்தாலும் அதையே யோசித்திருப்பேன். அவர் விலகியது சுலபமாக முடிந்ததற்குக் காரணம், சேர்ந்ததும் விலகியதும் தாளில் இருந்ததுதான்.

இங்கே தாள் இல்லாததால் என் மேஜையில் ஒரு மாலை முழுக்கப் போனது. பிரஸ்ஸை வாங்கிய விலை 55 என்றார் ஆர்டர்காரர். பழைய மிஷின் வாங்குபவர் 26தான் தருவார் என்றார் அச்சுக்காரர். விசாரித்ததில் 26 சரி. பிறகு எழுதினோம். கையில் 26, வர வேண்டியது 21, டெபாசிட் 15, மிஷின் 26. கூட்டினால் 88. அக்காவின் 40 போக 48. ஆளுக்கு 24. ஆர்டர்காரருக்கு 6 உடனே, 18 ஒன்பது தவணையில். வட்டிக்காரரின் பத்திரத்தில் ஆர்டர்காரர் மட்டுமே கையெழுத்துப் போட்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் அச்சுக்காரருக்குத் தெரிந்தது. கடன் முடிந்துவிட்டது, ஆனாலும் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "23 வயசுல ஒரு கடையை விட்டுட்டு வர்றேன்" என்றார் ஆர்டர்காரர். அமெரிக்காவில் 27 லட்சம் தொழில் தொடங்கியவர்களின் வயதைப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது, சராசரி 42, அதில் மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்கு 45 என்றேன். "அப்ப இன்னும் 22 வருஷம் இருக்கு" என்று சிரித்தார்.

பதினாலாவது மாதம் சின்ன வேலைகள் 24, பெரிய இடத்தின் கூலி 10.5. எல்லாச் செலவும், அச்சுக்காரரின் சம்பளமும் போக 3.9 நின்றது. அதில் 2 பழைய கூட்டாளிக்கு, 1 அக்காவுக்கு, 0.9 கடைக்கு. அக்காவின் கடனுக்கு இப்போது தேதி உண்டு.

அந்த மாதத் தவணை ஆறு நாள் தாமதமானது. ஐந்தாம் நாள் ஆர்டர்காரர் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, பில்லுல ஆர்டர் நம்பர் போட மறந்துட்டேனா?"